சீசன் இரண்டு மாதம், அடுப்பு பன்னிரண்டு மாதம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் முதலில் எழுகின்ற பேச்சு, "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதுதான். பிள்ளைகள் ஊட்டி என்பார்கள். செலவை எண்ணிப் பார்க்கும் பெரியவர்கள் ஏற்காடு என்பார்கள். ஏற்காட்டுக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்னும் பெயர் அமைந்ததும் அதனால்தானே!

அன்பு வாசகர்களே! நாம் இரண்டு நாள் தங்கிக் குளிர்காய்ந்து திரும்பிவிடுகின்றோம். நமக்கு அறை ஒழுங்கு செய்தவரும், தேநீர் கொடுத்தவரும், படகு செலுத்தியவரும் அங்கேயே இருக்கின்றார்கள். ஜூன் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்ததும் கூட்டம் கலைந்துவிடுகின்றது. அதன்பின் அவர்களுடைய அடுப்பு எவ்வாறு எரிகின்றது? இரண்டு மாதச் சம்பாத்தியத்தை நம்பிப் பன்னிரண்டு மாதம் வாழ்வது எப்படி? இக்கேள்வி ஏற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கடற்கரையோ மலையோ, பருவத்தை நம்பிப் பிழைக்கும் எல்லா ஊர்களுக்கும் உரியது. பருவத்தொழில் செய்யும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரியது. சற்றே விரிவாகப் பார்ப்போம்.

மலைக்கு இரண்டு வாசல்கள்

சேலத்துக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இதன்மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். இம்மலையின் பூர்வகுடிகள் 'மலையாளி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வந்த பெயர் அது. அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் இம்மக்கள் வாழ்கின்றனர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டதும் இதனாலேயே.

மலைக்கு ஏறும் முதன்மைச் சாலை சேலம் கோரிமேட்டைக் கடந்து அடிவாரத்தில் தொடங்குகின்றது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அச்சாலையையே நம்மில் பலர் அறிவோம். ஆனால் இன்னொரு வாசலும் உண்டு. சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சென்றால் மலையின் மற்றோர் அடிவாரத்தில் வருவது குப்பனூர். அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஒரு மலைப்பாதை ஏற்காட்டை அடைகின்றது.

கோடை விழா நாட்களில் நெரிசலைத் தவிர்க்கப் போக்குவரத்தை ஒருவழியாக்கும்போது, அடிவாரச் சாலையில் ஏறிய வண்டிகள் குப்பனூர் வழியாக இறங்குமாறு திருப்பிவிடப்படுகின்றன. முதன்மைச் சாலையில் மண் சரிந்தாலும் மலை மக்கள் நாடுவது குப்பனூர்ப் பாதையைத்தான். ஆக, ஏற்காட்டின் சீசன் குப்பனூருக்குத் திரும்பிப் போகிறவர்களின் வடிவிலேயே வந்து சேர்கின்றது! ஏறுகின்றவனுக்கு அறை வேண்டும், உணவு வேண்டும், படகு வேண்டும். இறங்குகின்றவனுக்கோ வீட்டுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் காப்பித்தூளும், மிளகும், ஒரு பலாப்பழமும் போதும். ஒரே கூட்டம், ஆனால் மலைமேல் அது விட்டுச்செல்லும் பணம் வேறு, அடிவாரத்தில் விட்டுச்செல்லும் பணம் வேறு.

இரண்டு மாத வெள்ளம்

ஏப்ரலும் மேயும் ஏற்காட்டின் பொற்காலம். மே மாதத்தில் அரசின் கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடைபெறும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அம்மாதத்திலேயே வருகின்றது. ஏரியில் படகுகள் ஓய்வதில்லை. அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி என எங்கு நோக்கினும் மக்கள் திரள்.

இந்தத் திரளைச் சுமக்கின்ற தோள்களை எண்ணிப் பாருங்கள். விடுதிச் சமையற்காரர், அறை துடைப்பவர், விரிப்பு வெளுப்பவர், வாடகை வண்டி ஓட்டுநர், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவர், பழக்கூடை வைத்திருக்கும் மலைப்பெண், இரவு முழுதும் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர். சீசனில் இவர்களுக்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் வேறுபாடில்லை. சீசனுக்கென வெளியூரிலிருந்து வருபவர்கள் கடையிலேயே உறங்கிக் கடையிலேயே விழிப்பர்.

வருமானம் பெருகும் அதே நாட்களில் செலவும் ஏறுகின்றது. விருந்தினருக்காக உயர்ந்த காய்கறி விலையை உள்ளூர்க்காரரும் கொடுத்தே ஆகவேண்டும். வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை விட நாள் கணக்கில் தங்கும் பயணி வீட்டுக்காரருக்கு இலாபமாகத் தோன்றுவார். தண்ணீரோ, ஊற்றுகள் மெலிந்திருக்கும் கோடையிலேயே மிகுதியாகத் தேவைப்படும். சீசன் தரும் பணத்தில் ஒரு பகுதியைச் சீசனே திரும்ப எடுத்துக்கொள்கின்றது. கையில் நோட்டுகள் புரள்வதைக் கண்டு, 'நம் வருமானம் இதுவே' என்று ஒருவர் எண்ணிவிட்டால், ஜூலை மாத மழையில் அவர் உண்மையை உணர்வார்.

ஏழு விதைகளின் கொடை

அப்படியானால் ஏற்காடு இத்தனை காலம் எவ்வாறு நிலைத்தது? அதற்குக் காரணம் விருந்தினர் அல்லர், காப்பிச் செடி.

காப்பிக்கும் நமக்கும் உள்ள உறவு வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர், ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்புகையில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்கமகளூரை அடுத்த மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. சேர்வராயன் மலையில் காப்பி பரவியது 1820களில். அப்போது சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் அதற்கு வழிவகுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழையைக் கண்டதும் காப்பிச் செடி மல்லிகையைப் போல வெண்மையாகப் பூத்துவிடுகின்றது. பூ காயாகிக் கனிந்து சிவக்க மாதங்கள் பல ஆகும். அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை, சில இடங்களில் பிப்ரவரி வரை நீள்கின்றது. எல்லாப் பழங்களும் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்ததை மட்டும் பறித்துவிட்டு, மற்றதற்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். ஆகவே பறிக்கும் கைகளுக்கு வாரக்கணக்கில் வேலை கிடைக்கின்றது. அது முடியும் தறுவாயில், நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகு முதிர்ந்து நிற்கும்.

இதன் பொருள் என்ன? விருந்தினர் வரும் காலமும் விளைச்சல் வரும் காலமும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மேயில் ஏரிக்கரை சோறு போடுகின்றது. மார்கழிக் குளிரில் காப்பித் தோட்டம் சோறு போடுகின்றது. இவற்றோடு 1894இல் தோன்றிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917இல் தோன்றிய மான்ட்போர்ட் பள்ளியும் போன்ற உறைவிடக் கல்விக்கூடங்கள், பருவம் பாராமல் பால்காரருக்கும் சமையற்காரருக்கும் தையற்காரருக்கும் வேலை கொடுத்து வந்துள்ளன. ஒரு காலை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று கால்களில் நின்றதாலேயே இவ்வூர் விழாமல் இருக்கின்றது.

கவலையும் இங்கேதான் தொடங்குகின்றது. காப்பி விலை உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட்பட்டது. தண்டுத் துளைப்பான் பூச்சியும், தவறிப்போகும் பூமழையும் தோட்டக்காரரை வருத்துகின்றன. பராமரிக்க இயலாத தோட்டத்தை மனைகளாக்கி விற்றாலோ, விடுதி கட்டினாலோ உடனே பணம் கிடைக்கும். ஆனால் ஒரு தோட்டம் விடுதியாக மாறும்போது நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கூலி நாட்களும் அதனுடன் மறைந்துவிடுகின்றன. இரு பருவ மலை ஒரு பருவ மலையாகச் சுருங்குகின்றது. விடுதியில் வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் அது ஏற்கெனவே கூட்டம் மிகுந்த மே மாதத்து வேலையே அன்றோ?

கடலோரத்தின் பாடம்

இதே கதையைக் கடற்கரையில் காண விரும்புவோர் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வாருங்கள். அம்பாறை மாவட்டத்தில், நம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பொத்துவிலை அடுத்துள்ளது அறுகம்பை. அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து குவியும் கடற்கரை இது. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை இங்கு சீசன். அதன்பின் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

அதே வேளையில் தீவின் தென்மேற்குக் கரை விழித்துக்கொள்கின்றது. ஹிக்கடுவை, வெலிகம, மிரிஸ்ஸ போன்ற ஊர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். ஆகவே ஒரு கரையில் வேலை முடிந்ததும் மறுகரைக்குப் பெயர்ந்து செல்லும் தொழிலாளர் உண்டு. குடும்பத்தை விட்டுப் போக இயலாதவர்களுக்கு ஊரிலேயே இன்னொரு வழி உண்டு: வயல். பருவமழையோடு விதைத்து, பிப்ரவரி மார்ச்சில் அறுக்கும் பெரும்போகம், அறுகம்பையின் ஓய்வு மாதங்களிலேயே வருகின்றது. ஏற்காட்டுக்குக் காப்பி எவ்வாறோ, பொத்துவிலுக்கு நெல் அவ்வாறு. மீன்பிடியும் துணைநிற்கின்றது.

அத்துணை ஏன் தேவை என்பதைக் கடந்த ஆண்டுகள் உணர்த்தின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி அக்கரையைச் சிதைத்தது. மீண்டெழுந்தபின், 2019 ஏப்ரல் 21ஆம் நாள், கிழக்கில் சீசன் தொடங்கவிருந்த வேளையில், ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. வரவிருந்த பயணிகள் பின்வாங்கினர். அடுத்த ஆண்டு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய விமான நிலையங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு 2021 ஜனவரியில்தான் திறந்தன. 2022இல் எரிபொருளுக்கே மக்கள் வரிசையில் நின்றனர். 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு! விடுதி அறையை மட்டும் நம்பியவர் கடனாளியானார். ஒரு துண்டு வயலும் ஒரு தோணியும் வைத்திருந்தவர் உலையேற்றினார்.

நம் மலைக்கும் அந்தச் சோதனை வந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு மே மாதங்களும் ஏற்காட்டில் விழாவின்றிக் கழிந்தன. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. பருவத்தை நம்பும் வாழ்வில் ஒரு பருவம் தவறினால் ஓராண்டே தவறுகின்றது.

பிறையும் சீசனும்

பருவ ஊர்களில் உழைக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனியானதொரு கணக்கும் உண்டு. சீசன் சூரியனைப் பார்த்து வருகின்றது. நம் நோன்பும் பெருநாளும் பிறையைப் பார்த்து வருகின்றன. ஹிஜ்ரி ஆண்டு பத்துப் பதினொரு நாட்கள் குறைவானதால், ரமளான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் வலம்வந்துவிடுகின்றது.

2018, 2019ஆம் ஆண்டுகளில் ரமளானின் பெரும்பகுதி மே, ஜூன் மாதங்களில் அமைந்தது. சீசன் உச்சத்தில் இருக்கையில், நோன்பு வைத்துக்கொண்டு பிறருக்காக நாள் முழுதும் அடுப்படியில் நிற்பது எத்தகைய பொறுமை! இனி ரமளான் மே மாதத்துக்குத் திரும்ப இந்நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆனால் 2026, 2027, 2028 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வருகின்றது. சீசன் வேலைக்குச் சென்ற மகனோ கணவனோ பெருநாள் தொழுகைக்கு வீடு திரும்புவானா என்பது அக்குடும்பங்களின் ஏக்கம். முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்கள் இதை முன்கூட்டியே எண்ணி, முறைவைத்து விடுப்பளித்தால் எத்தனை வீடுகளில் மகிழ்ச்சி பொங்கும்!

மெலிந்த மாதங்களுக்கு ஒரு கணக்கு

நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைப் பாதுகாத்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளைக் கடக்க அவர்கள் வழிகாட்டினார்கள். எகிப்து நாட்டுக்குச் சொன்ன அந்த வழி, சீசன் ஊரின் ஒரு சிறு வீட்டுக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்துக்கு ஏப்ரல், மே இரண்டு மாதங்களிலும் சேர்த்து 90,000 ரூபாய் கிடைக்கின்றது. மற்றப் பத்து மாதங்களில் மாதம் 6,000 ரூபாய் மட்டுமே கிடைக்கின்றது என்று கொள்வோம். ஆண்டு வருமானம் ஒன்றரை இலட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 12,500. இதுவே அக்குடும்பத்தின் உண்மையான மாதச் சம்பளம். சீசனிலும் அதே 12,500இல் குடும்பம் நடத்தினால் 65,000 ரூபாய் மிஞ்சும். பின்வரும் பத்து மாதங்களிலும் மாதம் 6,500 எடுத்துக்கொள்ளலாம். கை ஏந்த வேண்டியதில்லை. சீசன் மாதத்தில் 45,000 சம்பளக்காரராக வாழ்ந்துவிட்டால், ஆகஸ்டில் வட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும், 'சீசனில் திருப்பித் தருகிறேன்' என்று வாங்கும் கடன், சீசன் பணத்தை வருமுன்பே விழுங்கிவிடுவதைக் காண்கின்றோம். வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்று மேடையில் முழங்குவது எளிது. வட்டியில்லாக் கடனுக்கு வழி செய்வதே செயல். மஹல்லாக்களில் பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள், மெலிந்த மாதங்களில் அழகிய கடன் கொடுத்து, சீசனிலோ அறுவடையிலோ திரும்பப் பெறும் முறையை வகுக்கலாம். கடன் கொடுக்கும் நாளும் திரும்பும் நாளும் தொழிலின் பருவத்தோடு பொருந்தினால், வாங்கியவர் மானத்தோடு திருப்பிச் செலுத்துவார்.

அரசின் வழிகளையும் அறிந்திருத்தல் நன்று. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த நல வாரியங்களில், 18 முதல் 60 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு செய்துகொள்ளலாம். ஓட்டுநர், தையற்காரர், வீட்டுப் பணியாளர் எனப் பல தொழில்களுக்கும் வாரியங்கள் உண்டு. பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் என 2021இல் சட்டத்திருத்தம் வந்ததையும் நம் சகோதரிகள் அறிய வேண்டும்.

இல்லத்தரசிகளே! சேமிப்பைப் போன்றே முக்கியமானது இரண்டாவது கைத்தொழில். சீசனில் விடுதியில் சமைப்பவர், மற்ற மாதங்களில் ஊறுகாயோ மிளகுப்பொடியோ செய்து சேலத்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம். தையல் அறிந்தவர் பள்ளிச் சீருடை தைக்கலாம். மலை இரண்டு பருவத்தில் நிற்பதைப் போல வீடும் இரண்டு தொழிலில் நிற்கட்டும்.

விருந்தினராகிய நமக்கு

இறுதியாக நம்மைப் பற்றியும் பேசவேண்டும். மலை தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. 2024 மே 7ஆம் நாள் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் முறை, உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்தது அந்த எல்லையை நினைவூட்டவே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. மலைக்குப் போகும்போது அதைச் சோதனைச்சாவடிக்குப் பயந்து கடைப்பிடிக்காமல், மனமுவந்து கடைப்பிடிப்போம்.

பெரிய விடுதியில் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, பழக்கூடைக்காரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது நமக்கு அழகன்று. காப்பியும் மிளகும் வாங்குவதாக இருந்தால் அந்த மலையில் விளைந்ததைக் கேட்டு வாங்குவோம். தோட்டம் தோட்டமாகவே நிற்க அதுவும் ஒரு துணை. குப்பனூர் வழியாக இறங்கும்போது அடிவாரத்துச் சிறு கடையிலும் சற்றே வண்டியை நிறுத்துவோம்.

இன்னொன்றும் செய்யலாம். எல்லோரும் மேயில் போகும்போது நாமும் மேயிலேயே போகவேண்டும் என்பதில்லை. வரும் சில ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச், பிப்ரவரி மாதங்களில் வருகின்றது. அப்போது ஏற்காட்டில் நெரிசல் இல்லை. அறை வாடகையும் குறைவு. நல்ல மழை பெய்திருந்தால் மார்ச்சில் காப்பிப் பூவின் மணமும் கிட்டும். பெருநாளுக்குப் பின்னர் பிள்ளைகளுடன் ஒரு வார இறுதியில் போய்வாருங்கள். கூட்டத்தில் ஒருவராக மேயில் நாம் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை விட, ஆளற்ற மாதத்தில் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் ஒரு வீட்டின் அடுப்பை மூட்டும். அந்தச் சம்பாத்தியத்தில் பரக்கத் உண்டாகட்டும். அதைக் கொடுத்த கைகளிலும் உண்டாகட்டும்.